முப்பத்தேழு வயலின்கள்

தங்கை அதுவரை செய்த முப்பத்தேழு வயலின்களும் ஒரு வியாழக்கிழமை காலையிலிருந்து அண்ணனுக்கு மட்டும் கேட்காமல் போயின. மற்ற எல்லோருக்கும் கேட்டன. அண்ணனுக்கும் மற்றதெல்லாம் கேட்டது. சுவர்க் கடிகாரம், குழாயில் சொட்டும் தண்ணீர், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தொழிற்சாலை வயலின்களைப் போட்டு அறுக்கிற அறுவை, எதற்கும் குறைவில்லை. காது மருத்துவர் இரண்டு தடவை சோதித்துவிட்டு, இந்த வயதில் இப்படியொரு காதா என்று பாராட்டி அனுப்பினார்.

அந்தப் பட்டறையில் மரம் வாங்குவதும் வருகிறவர்களிடம் பேசுவதும் அண்ணன். செய்வது தங்கை. மேல்பலகையை உட்புறமாகச் செதுக்கி மெலிதாக்கிக்கொண்டே வந்து, அவ்வப்போது விரல்முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பாள். சரியான ஒலி வந்ததும் உளியைக் கீழே வைத்துவிடுவாள். அதற்குமேல் ஒரு சீவல் போனாலும் பலகை செத்துவிடும். எங்கே நிறுத்துவது என்பது அண்ணனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவர் கெடுத்த பலகைகள் ஜன்னல் கதவுகளுக்கு முட்டுக்கொடுக்க உதவின. ஆனால் வயலின் கூட்டை மூடுமுன் உள்ளே ஒட்டுகிற அச்சடித்த சீட்டில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. யார் பெயர் இருந்தால் என்ன, வேலை நம் வேலைதானே என்று பத்தொன்பது வருடம் அவள் இருந்துவிட்டாள்.

அந்த வியாழனுக்கு முந்தைய நாள் பெரிய வயலின் கலைஞர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். ஒன்றை எடுத்து வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவே இல்லை. பிறகு, இது யார் கைவேலை என்று கேட்டார். தலைமுடியில் மரச்சீவல் ஒட்டிக்கொண்டிருக்கத் தங்கை அங்கேதான் நின்றாள்.

அண்ணன் வாய் கூசாமல் சொன்னார்: "எல்லாம் நான்தாங்க. தங்கச்சி வார்னிஷ் பூசுவா."

கலைஞர் பெரிய மனசு பண்ணி அவள் பக்கம் திரும்பி, "வார்னிஷ் ரொம்ப நல்லாயிருக்கும்மா" என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் சாபம் விட்டாள் என்று பின்னால் சிலர் சொன்னது சரியல்ல. இனி உனக்குக் கிடையாது என்று மனதுக்குள் ஒரே ஒரு தடவை நினைத்தாள், அவ்வளவுதான். மறுநாள் காலை அண்ணன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு வயலின் கம்பியில் வில்லை ஓர் இழுப்பு இழுத்தாள். அவர் திரும்பவில்லை. காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு இழுப்பு இழுத்தாள். சர்க்கரை கொஞ்சம் போதவில்லை என்றார். அவளுக்கு அன்று சர்க்கரையே தேவைப்படவில்லை.

அதன்பின் இரண்டு வருடம் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மூன்றாவது கம்பி கரகரக்கிறதா என்று யாராவது கேட்டால், அவர்கள் புருவத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். தங்கை அந்தப் பக்கம் போகிற போக்கில், "நல்லா கேளுண்ணா" என்பாள்.

அண்ணனுக்கு ஒரே மகள். ஆறு வயதிலிருந்து வெளியூர் இசைப்பள்ளியில் தங்கிப் படித்தாள். அவள் விடுமுறைக்கு வரும் நாட்களில் அண்ணன் உளியும் கையுமாக நிற்பார். பதினாறு வயதில், அத்தை செய்த முப்பத்தேழாவது வயலினோடு அவள் முதல் கச்சேரிக்கு மேடையேறினாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு வில் போய்வருவது தெரிந்தது, பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. மறுநாள் தங்கையிடம் வந்து நின்றார்.

"என் பொண்ணு வாசிச்சா. எல்லாரும் அழுதாங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கல."

"என்ன கேக்கல? வார்னிஷா?"

"நான் என்னதான் செய்யணும், சொல்லும்மா" என்றார்.

"ஒட்டுன சீட்டையெல்லாம் நீயே பிரிச்சு எடு. யாரு செஞ்சதுன்னு வாங்கினவங்ககிட்ட உன் வாயால சொல்லு. உன் பொண்ணோடது கடைசி."

பின்னாளில் பழுது பார்க்கத் திறக்க வேண்டியிருக்கும் என்பதால் வயலினுக்குப் பசையைக் கொஞ்சம் பலம் குறைத்தே காய்ச்சுவார்கள். மெல்லிய கத்தியை விளிம்பில் நுழைத்தால் டக்கென்று விட்டுக்கொடுக்கும். பேசியே பழகிய அண்ணனின் கைக்கு அது வரவில்லை. முதல் வயலினில் விளிம்பைப் பிளந்துவிட்டு, அதன் சொந்தக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ரயிலிலும் பஸ்ஸிலும் ஆறு வருடம் அலைந்தார். ஒரு வீட்டில் நாற்காலிகூடப் போடவில்லை. ஒரு வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சீட்டைச் சுரண்டி, உண்மையைச் சொல்லி, மேல்பலகையைத் திரும்ப ஒட்டிக் கொடுத்ததும் அந்த ஒரு வயலின் மட்டும் அவருக்குக் கேட்கத் தொடங்கும். வீடு திரும்பியதும், என்ன சொன்னார்கள் என்று தங்கை கேட்பாள். ஒரு வார்த்தை விடாமல் அவர் ஒப்பிக்க வேண்டும். செதுக்கிக்கொண்டே கேட்பாள், சில இடங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். அந்த ஆறு வருடத்தில் அவள் நன்றாகத் தூங்கினாள்.

முப்பத்தாறும் முடிந்தன. மகள் ஊருக்கு வந்திருந்தபோது அண்ணன் அவள் வயலினை வாங்கி, மேல்பலகையின் வளைந்த துளை வழியே விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே சீட்டே இல்லை. வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தது என்பதால் ஒட்டாமல் விட்டது அவருக்கே மறந்துபோயிருந்தது. தலைகால் புரியாமல் தங்கையிடம் ஓடினார்.

"இதுல எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல!"

"அவகிட்ட இதை யாரு செஞ்சதுன்னு சொன்னே?"

அவர் வயலினின் துளைக்குள் திரும்பவும் எட்டிப் பார்த்தார்.

"முப்பத்தாறு பேருகிட்ட சொன்னேல்ல? அவகிட்டயும் போய்ச் சொல்லு."

மகளின் அறைக்குப் போனார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வந்தார். மறுநாள் போய், ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வந்தார். முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் மானத்தைக் கொட்டியவருக்கு, அப்பா என்று நிமிர்ந்து பார்க்கிற அந்த ஒரு முகத்தின் முன்னால் நாக்கு எழவில்லை. மற்றவர்களும் ஒரு பெண்ணிடம் அவள் அப்பாவைப் பற்றி அப்படிச் சொல்ல மனம் வராமல் சும்மா இருந்துவிட்டார்கள். தங்கை நினைத்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். தான் சொல்லிவிட்டால் அவர் தப்பித்துவிடுவார் என்று சொல்லவில்லை.

இப்போது மகள் பெரிய மண்டபங்களில் வாசிக்கிறாள். முதல் வரிசையில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இரண்டு நாற்காலி போட்டுவைப்பது வழக்கமாகிவிட்டது. எப்போது கைதட்ட வேண்டும் என்பதைத் தங்கை முழங்கையால் இடித்துச் சொல்வாள், அவர் தட்டுவார். யாரும் அதை வினோதமாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கச்சேரியிலும் தொடங்குமுன் மகள் வயலினை உயர்த்திக் காட்டி, "இது எங்கப்பா எனக்காகச் செஞ்சது" என்பாள். அது அவருக்குத் தெளிவாகக் கேட்கும். அதன்பிறகு ஒன்றும் கேட்காது. தங்கைக்கு இரண்டும் கேட்கும்.