நூற்று நாற்பத்து மூன்று பேர்

"உங்களுக்குத் தெரிஞ்ச நூறு பேரோட பேர எழுதிட்டு வாங்க. பக்கத்துலயே அவங்கவங்களுக்கு என்ன தேவைன்னும் எழுதணும்," என்றார் டாக்டர் விட்கோம்ப். "நீங்க எவ்வளவு கெட்டிக்காரரா வேணா இருங்க. கதவத் திறந்து வைக்கிற அன்னைக்கு உள்ள வர ஆள் இல்லேன்னா நீங்க டாக்டர் இல்ல, வாடகை கட்டுறவர், அவ்வளவுதான்."

வகுப்பு சிரித்தது. முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் படிப்பில் அது முதல் பருவம். திங்கட்கிழமை காலை வகுப்புக்குத் தொழில் ஒழுக்கமும் வணிக அடிப்படையும் என்று பெயர். அதற்கு மட்டும் பையன்கள் டை கட்டிக்கொண்டு வரவேண்டும், பெண்கள் கோட்டுப் போடவேண்டும். டார்லா ஃபென்ஸ்கியின் கோட்டு சர்ச்சில் பழைய துணி விற்றபோது வாங்கியது. தோள்பட்டையில் இறுக்கிப் பிடித்தது. பதினொரு வருஷம் மாட்டிறைச்சி ஆலையில் கத்தி பிடித்த தோள் எந்தக் கோட்டுக்கும் அடங்குவதில்லை.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மற்றவர்களுக்கெல்லாம் இருபத்திரண்டு, இருபத்திமூன்று. அவளுக்கு 'மாம்', அதாவது அம்மா என்று பேர் வைத்திருந்தார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் கழுத்தைத் திருப்ப முடியாமல் அழுதுகொண்டு போனவளை, ஊர்க் கைரோபிராக்டர் ஒருவர் ஆறு வாரத்தில் நிமிர்த்தி அனுப்பினார். அதன் பிறகுதான் கத்தியை வைத்துவிட்டு, தபால் வழியாகப் பாதி, மாலைக் கல்லூரியில் பாதி என்று படித்து இங்கே வந்து சேர்ந்தாள். ஆலையில் தன்னோடு நின்றவர்களுக்கு என்றைக்காவது இதைச் செய்யவேண்டும் என்பது அவள் ஆசை. அதை யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

மற்றவர்கள் அறுபது பேரைத் தாண்டுவதற்குள் திணறிப்போனார்கள். அத்தையின் நாய்க்கு ஊசி போட்டவரையெல்லாம் சேர்த்தார்கள். டார்லா சனிக்கிழமை சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்தவள், சூப் ஆறிப்போகும்வரை எழுதினாள். நூற்று நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு மூன்று வரி. ஒசோரியோவுக்கு வலது கை காதுக்கு மேல் போகாது, மகள்தான் தலை வாரிவிடுகிறாள். எலும்பு அறுக்கும் பிரிவு டக்கர்ட்டுக்கு இடுப்பு வலி. மாலை ஷிஃப்டு மூன்றரைக்கு ஆரம்பம், அதற்கு முன்னால் பிடித்தால் பேசலாம். செனாடா ஹோஜிச்சுக்கு இரண்டு கை விரல்களும் மரத்துப்போகின்றன. படுக்கும்போது கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுத்தான் தூங்குகிறாள். சூப்பர்வைசருக்குத் தெரியாது, தெரிந்தால் வேலை போய்விடும்.

எழுதும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை பேரைத் தெரியும், இத்தனை பேருடைய வலியும் தெரியும் என்பதே ஒரு தகுதி மாதிரி இருந்தது.

டாக்டர் விட்கோம்ப் அந்தத் தாள்களை உயர்த்திப் பிடித்து வகுப்புக்குக் காட்டினார். "இதுதான் தொழில். பாத்துக்கோங்க."

அன்று மத்தியானமே கோல்பி ரெய்ன்ஹார்ட் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் அப்பாவுக்கு மூன்று ஊர்களில் ஒன்பது கிளினிக். டை கட்டத் தெரிந்த நாலைந்து பேரில் அவன் ஒருவன்.

"மாம், பருவக் கடைசியில கிளினிக் திட்டம் ஒண்ணு குடுக்கணுமே, நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணலாமா? கணக்கு வழக்கு, இடம், விளம்பரம் எல்லாம் நான் பாத்துக்கறேன். உங்ககிட்ட ஆளுங்க இருக்காங்க."

"எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா வராதுப்பா."

"அதான் நான் இருக்கேன்ல. உங்க லிஸ்ட்ட மட்டும் நம்ம ஃபைல்ல ஏத்திடுங்க."

ஏற்றினாள். அவன் காபி வாங்கிக் கொடுத்தான். எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய அவளுக்கு உதவினான். அவனை நல்ல பையன் என்றுதான் நினைத்தாள்.

மார்ச் மாதம் ஆலை வாசலுக்கு எதிரே, டயர் கடை காலியான இடத்தில், ரெய்ன்ஹார்ட் கிளினிக்கின் பத்தாவது கிளை திறந்தது. டார்லாவுக்கு அது தெரியாது. கல்லூரி ஆலையிலிருந்து எண்பது மைல். செனாடாவின் போன் வந்தபோதுதான் தெரிந்தது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஆலையில் டார்லாவின் முதல் நாளில், கத்தியை எப்படித் தீட்டுவது என்று காட்டிக்கொடுத்தவள் செனாடா. போஸ்னியாவில் இருந்து வந்தவள். வாய் கொஞ்சம் நீளம். போனை எடுத்ததும் வழக்கமாக, "என்னடி நெட்டி முறிக்கிற டாக்டரே" என்பாள். அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை.

"எவ்வளவுக்குடி வித்தே எங்கள?"

"என்ன செனாடா? என்ன சொல்றே?"

"சாப்பாட்டு ஹால்ல மேஜை போட்டு உக்காந்திருக்கான் ஒருத்தன். வெள்ளைக் கோட்டு. எதிர்த்தாப்புல புதுசா திறந்திருக்கற ரெய்ன்ஹார்ட் கிளினிக் ஆளு. இலவசப் பரிசோதனையாம், ஆபீஸே அனுமதி குடுத்திருக்கு. நான் தட்டத் தூக்கிட்டுப் போறேன், பேரச் சொல்லிக் கூப்பிடறான். 'செனாடா, விரல் மரத்துப்போகுதாமே, கையத் தொங்கப்போட்டுத் தூங்கறீங்களாமே'ன்னு கேக்கறான். பக்கத்து மேஜைல சூப்பர்வைசர் உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கான்."

டார்லா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"அத நான் என் புருஷனத் தவிர ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொல்லியிருக்கேன். துணி மாத்தற ரூம்ல, நீ என் பக்கத்துல பூட்ஸ் கழட்டிட்டு இருந்தப்ப. மறுநாளே நர்ஸ்கிட்ட அனுப்பினாங்க. கத்திய வாங்கிட்டாங்க. லேசான வேலை எதுவும் காலி இல்லையாம், வீட்டுல இருன்னுட்டாங்க."

போன் துண்டிக்கப்பட்டது.

டார்லா கோல்பியை நூலகப் படிக்கட்டில் பிடித்தாள். அவன் முகம் கொஞ்சம் சிவந்தது. ஆனால் குரல் மாறவில்லை.

"திட்டத்த அப்பாகிட்டக் காட்டினேன். அவருக்குப் பிடிச்சுப்போச்சு, நிஜமாவே திறந்துட்டார். நாம போட்ட திட்டம் ஜெயிச்சிருக்கு, மாம்! நீங்க சந்தோஷப்படணும்."

"அவங்க எங்கிட்ட நம்பிச் சொன்னதுடா அது."

"நீங்கதானே எழுதினீங்க? நான் யார் வாயையும் பிடுங்கலையே. படிப்ப முடிச்சிட்டு வாங்க, அந்தக் கிளைல உங்களுக்குத்தான் வேலைன்னு அப்பா சொல்லிட்டார்."

அவனை அறையலாம் என்று தோன்றியது. அறையவில்லை. தொழில் ஒழுக்கம் படிப்பவள் அல்லவா, முறைப்படி போனாள். டாக்டர் விட்கோம்ப் அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்:

"இந்த நூத்தி நாப்பத்து மூணு பேர்கிட்டயும் நீங்க அனுமதி வாங்கினீங்களா, டார்லா?"

"நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க. வகுப்புல தூக்கிக் காட்டினீங்களே."

"தேவையத்தான் எழுதச் சொன்னேன். நோய எழுதச் சொல்லல. அன்னைக்கே நான் இதக் கவனிச்சிருக்கணும், ஒத்துக்கறேன். ஆனா புகார்னு வந்துட்டா அது கல்லூரி ஒழுக்கக் குழுவுக்குப் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

"போகட்டும்," என்றாள் டார்லா.

குழுவில் ஐந்து பேர். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கோல்பி கூட்டுத் திட்டத்தைத் தன் குடும்பத்தாருக்குக் காட்டியதைத் தடுக்கும் விதி எதுவும் கல்லூரியில் இல்லை. பிறர் உடல்நிலையை அவர்கள் சம்மதம் இல்லாமல் எழுதிக் கொடுத்தது டார்லா. அவள் கோப்பில் ஒரு கண்டனம் சேர்ந்தது. ரகசியம் காப்பதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதவேண்டும். உரிமம் வாங்கும்வரை எந்த நோயாளி விஷயத்திலும் வாய் திறக்கக்கூடாது. இன்னொரு முறை என்றால் படிப்பு போய்விடும். டாக்டர் விட்கோம்ப் அவளை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அந்தப் பருவத்தின் சிறந்த கிளினிக் திட்டத்துக்கான பரிசு கோல்பிக்குக் கிடைத்தது. கூட்டுத் திட்டம் என்பதால் சான்றிதழில் அவள் பெயரும் இருந்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் செனாடாவின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது செனாடாவின் புருஷன் மிர்சாத். உள்ளே விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்களைக் காபி கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. காபி இருந்த செம்புக் கிண்டியைச் செனாடா எடுக்கப்போனாள், விரல் பிடிக்காமல் பாதியில் வைத்துவிட்டாள். மிர்சாத்தான் ஊற்றினார்.

"நான் வேணும்னு பண்ணல, செனாடா."

"தெரியும்."

"உனக்கு நல்லது பண்ணலாம்னுதான்..."

"அதுவும் தெரியும். வலிச்சுதுன்னு சொன்னேன், டார்லா. எழுதி வெச்சுக்கன்னு சொல்லல." செனாடா சர்க்கரைக் கட்டியைக் காபியில் தோய்த்துப் பல்லில் கடித்தாள். கோபமாகக்கூட இல்லை. அதுதான் டார்லாவால் தாங்க முடியவில்லை.

"கையக் கொஞ்சம் காட்டு. பாக்கறேன்."

"வேணாம். நீ இன்னும் டாக்டர் ஆகல."

டார்லா காபியைக் குடித்து முடித்து எழுந்தாள். மிர்சாத் கார்வரைக்கும் கூடவே வந்தார். வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன். அந்தக் கிளினிக் 'சரியாயிடுச்சு'ன்னு எழுதிக் குடுத்தா ஆலைல திரும்பச் சேத்துப்பாங்களாம். வாரத்துக்கு மூணு நாள் கூட்டிட்டுப் போறேன். கழுத்துலயே சொடக்கு எடுக்கறாங்க. கையத் தொட்டுக்கூடப் பாக்கல. விரல் மரத்தா கழுத்தப் பிடிக்கலாமா? நீ படிக்கறியே, சொல்லு."

அவளுக்குத் தெரிந்திருந்தது. முந்தின மாதம்தான் உடற்கூறு வகுப்பில் ஒரு பிணத்தின் கையைத் திறந்து விரலுக்குப் போகும் நரம்பைப் பார்த்தார்கள். கத்தி பிடிக்கிறவர்களுக்கு அது மணிக்கட்டில் நசுங்கும். நாளாக ஆகக் கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிவிடும். சற்றுமுன் செனாடா கிண்டியைத் தொட்டபோது அந்த இடம் குழிவிழுந்திருப்பதைப் பார்த்தாள்.

"மணிக்கட்டு, மிர்சாத். கைக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர்கிட்டக் காட்டணும். சீக்கிரமா."

"வேற எங்கயாவது போனா எழுதித் தரமாட்டோம்னு சொல்றாங்க. நான் சொன்னா யார் கேப்பா? நீ வந்து சொல்லேன். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போறோம். நீ படிக்கிற பொண்ணு, அவங்க பாஷை உனக்குத் தெரியும்."

டார்லா கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வியாழக்கிழமை எனக்குப் பரீட்சை இருக்கு," என்றாள்.

பரீட்சை இருந்தது உண்மைதான். காலை பத்து மணிக்கு முடிந்துவிடும்.

மிர்சாத் தலையை ஆட்டினார். "ஆமா ஆமா, பரீட்சை முக்கியம். நல்லா எழுது," என்று சொல்லி, அவள் ஏறி உட்கார்ந்ததும் கார்க் கதவை மெதுவாக, சத்தம் வராமல் சாத்தினார்.