வலப்பக்கம் விழுந்த கோல்

ஸ்டான்லி கிண்ண ஐஸ் ஹொக்கி இறுதிச் சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டத்துக்கு முப்பத்திரண்டு மணித்தியாலங்கள் இருக்கையில் கிளடிஸ் அன்ரி என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தார். ஜூஸ் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் என்னோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் ஒரே ஆள் அவர்தான்.

"நாளைக்கு எங்கட வீட்டை வாரும் பிள்ளை. ஹொக்கி புரொபெசர் இல்லாமல் என்ன ஃபைனல்?"

"ஓம் அன்ரி."

எனக்கு வாயில் வரும் சொல் அது ஒன்றுதான். ஏப்ரலில், "ராத்திரி மட்ச் பாத்தனீரே?" என்று அவர் கேட்டபோதும் அதையே சொன்னேன். ஐஸ் ஹொக்கியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வேலைக்குப் போகும் மல்வேர்ன் பஸ்ஸில் யாரோ விட்டுப்போகும் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை மனப்பாடம் செய்து, மதியம் ஒப்புவித்து வந்தேன். இரசாயனத்தில் பட்டம் வாங்கியதும் அப்படித்தான். பொய் தெரிந்தால் அன்ரி வேறு மேசைக்குப் போய்விடுவார். பிறகு நானும் என் சாப்பாட்டுப் பெட்டியும்தான்.

நியூயோர்க் வெல்லவேண்டும் என்பது அன்ரியின் கட்டளை. எதிரணி வான்கூவர்; எங்கள் ஊர் தொரன்ரோவை அரையிறுதியில் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியது அவர்கள்தானே. மறுநாள் இரவு அன்ரியின் வீடு நிறைய ஆட்கள். கூச்சத்தில் கடைசிக் கதிரையைப் பிடித்தேன். அங்கிருந்து ரீவியின் வலப்பாதி மட்டும் தெரிந்தது. மிச்சம் அன்ரியின் கணவர் அல்பேட் அங்கிளின் தலை.

வலப்பக்கம் ஒரு கோல் விழுந்தது. "நியூயோர்க்!" என்று எல்லோரும் கத்தினார்கள். இன்னொன்று. அதுவும் நியூயோர்க், அதுவும் வலப்பக்கம். இரண்டே தரவுகளில் ஒரு விதி கண்டுபிடித்தேன்: வலப்பக்கம் விழுந்தால் கைதட்டு. உடுப்பின் நிறத்தைப் பார்த்திருக்கலாம். தோன்றவில்லை.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும் என்று எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம்.

வலப்பக்கம் அடுத்த கோல் விழுந்தது. இந்த முறை நான் முந்திக்கொண்டேன். எழுந்து நின்று கைதட்டி, வாழ்க்கையில் முதல்முறையாகக் கூவினேன்.

அறையில் வேறு சத்தமில்லை.

"புரொபெசர் கட்சி மாறிட்டா," என்றார் அல்பேட் அங்கிள், தலையைத் திருப்பி.

அன்ரி சிரிக்கவில்லை. "உது வான்கூவர் அடிச்சதெல்லே பிள்ளை? உண்மையைச் சொல்லும். இந்த வருஷம் எத்தினை மட்ச் பாத்தனீர்?"

முந்திய ஆறு ஆட்டங்களின் கோல் எண்ணிக்கையும் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன்.

"இந்த மட்ச்தான் அன்ரி. அதிலயும் வலப்பக்கம் மட்டும்."