கயிறு யார் கையில்

முதலாளி நீட்டிய காகிதத்தில் ஏழே வரிகள்தான். மரத்தின் மேல் இருந்தவள் கீழே இருந்த கயிற்றுக்காரரின் பதிலுக்குக் காத்திராமல் கிளையை வெட்டினாள், அதனால் அவர் கை முறிந்தது, தவறு முழுக்க அவளுடையது. அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. மரம் ஏறி வெட்டுகிற கொக்கி அதை இரண்டு தடவை படித்தாள், மடித்தாள், அவர் மேஜை மேலேயே திருப்பி வைத்தாள்.

“போட மாட்டேன்.”

“போட்டா உனக்குத்தான் நல்லது. மரம் ஏறுற உரிம அட்டைய ரெண்டு வருஷத்துக்குப் பிடுங்குவாங்க, அவ்வளவுதான். கீழ நின்னு கிளை அள்ளுற வேலை நான் தரேன். போடலைன்னா அதுவும் கிடையாது.”

“நான் கேட்டேன். பதில் வந்துது. அப்புறம்தான் வெட்டினேன்.”

“வீடியோவுல எங்க இருக்கு அந்தப் பதில்?”

வீடியோவில் இல்லை என்பது வாஸ்தவம்தான். அவள் ஹெல்மெட்டில் கேமராவை மாட்டிவிட்டவரே இந்த மனுஷர். அவள் ஏறுவதையும் அறுப்பதையும் வெட்டி ஒட்டி, தடதடவென்று ஒரு பாட்டைப் போட்டு இணையத்தில் ஏற்றுவார். அதைப் பார்த்து வேலை வந்து குவிந்தது. கை முறிந்த அன்றைய படத்தையும் கூச்சநாச்சமில்லாமல் ஏற்றினார், அடிபடுவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தி. மோட்டார் ரம்பம் மரத்தில் இறங்குவது பளிச்சென்று தெரிகிறது. பேச்சு மட்டும் பாட்டுக்கு அடியில் போய்விட்டது. அசல் எங்கே என்று கேட்டால், கார்டில் இடமில்லை, அழித்துவிட்டேன் என்கிறார்.

மரவேலையில் மீறக்கூடாத ஒழுங்கு ஒன்று உண்டு. மேலே இருப்பவர் “வெட்டவா?” என்று கேட்க வேண்டும். கயிறு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் “வெட்டு” என்று சொல்லலாம். அறுபட்ட கிளை அந்தக் கயிற்றில்தான் தொங்கும். கயிற்றை அடிமரத்தில் நாலு சுற்று சுற்றி, காலை ஊன்றிக்கொண்ட பிறகே அவர் வாயைத் திறப்பார். வேறு யாரும், மரத்துக்குச் சொந்தக்காரரே ஆனாலும், மூச்சுவிடக் கூடாது. மேலே இருப்பவளுக்குக் காதை மூடிய அடைப்பான், ரம்பத்தின் இரைச்சல், நடுவில் இலை. வருகிற குரல் யாருடையது என்று அவளால் பிரித்தறிய முடியாது.

அன்றைக்கு “வெட்டு” என்று குரல் வந்தது. வெட்டினாள். கயிறு அப்போது ஒரே ஒரு சுற்றில் இருந்தது.

கயிற்றுக்காரர் வேறு யாருமில்லை, அவளுடைய அத்தான். அக்காவின் கணவர். வலது கை இரண்டு இடத்தில் முறிந்து, தோள்வரை மாவுக்கட்டுடன் கட்டிலில் சாய்ந்திருந்தார். அன்று சாயங்காலம் கொக்கி உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“வாங்க மச்சினி! மிச்சம் இருக்குற கையையும் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தீங்களா?”

கொக்கி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

“அந்த வீடியோவ நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்டுட்டு அறுத்திருக்கலாம் இல்ல?”

“கேட்டேன்க்கா.”

“கேட்டிருந்தா இவர் பதில் சொல்லியிருப்பாரு.”

“நான் சொல்லலடி,” என்றார் அத்தான். “ஆனா யாரோ சொன்னாங்க. என் முதுகுக்குப் பின்னாடிதான். திரும்புறதுக்குள்ள கயிறு என்னை இழுத்துட்டுப் போயிடுச்சு.”

“போதும். மச்சினிச்சிக்கு வக்காலத்து வாங்காதீங்க.”

அட்டை போனால் போகட்டும். அக்கா முகம் கொடுத்துப் பேசாத வீட்டுக்கு கொக்கி எப்படி வந்துபோவது? யாருடைய குரல் அது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. பொறுமை இல்லாத ஒரே ஆள்தான் அந்த வேலையிடத்தில் உண்டு. ஆனால் நிரூபிக்கக் கையில் என்ன இருக்கிறது? ஒரு பாட்டு.

மறுநாள், விபத்தை விசாரிக்கும் அதிகாரி வேலை நடக்கும் விதத்தை நேரில் பார்க்க வந்தார். அன்றைய வேலை, மருத்துவமனை வாகன நிறுத்தத்தின் ஓரத்தில், மதில்மேல் சாய்ந்து நின்ற பெரிய மரம். “கையெழுத்தை அப்புறம் போடு, முதல்ல ஏறு” என்று விரட்டினார் முதலாளி. இந்த மரத்துக்கு அவளை விட்டால் அவருக்கு ஆள் இல்லை. அந்த வெட்கங்கெட்ட அவசரத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அதிகாரிக்கு நாற்காலி போட்டார்கள். மடியில் ஒரு டேப்லெட்டையும் வைத்தார் முதலாளி.

“அவ ஹெல்மெட் கேமரா பார்க்குறது அப்படியே இதுல தெரியும் சார். சத்தத்தோட. ரெண்டு மூணு நொடி பிந்தி வரும். பதிவும் ஆயிட்டே இருக்கும்.”

கொக்கி முள் காலணியை மரத்தில் குத்தி ஏறினாள். இடுப்பு வாரை மாட்டினாள், அறுக்கவேண்டிய கிளையில் கயிற்றைக் கட்டினாள், ரம்பத்தை இழுத்து ஓடவிட்டாள். கீழே கயிற்றைப் பிடித்திருந்தவர் புதியவர், நிதானமான ஆள். ஒவ்வொரு சுற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் சுற்றுவார். அவருக்கு இரண்டு சுற்று பாக்கி இருந்தது. கொக்கிக்கு அது தெரிந்தது. தெரிந்தும் கேட்டாள்.

“வெட்டவா?”

அதைச் சூழ்ச்சி என்று சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். ரம்பத்தின் பல்லை அவள் மரத்துப் பக்கமே கொண்டுபோகவில்லை.

கீழே அமைதி. ஒரு நொடி, இரண்டு நொடி. அமைதி என்றாலே முதலாளிக்கு நாக்கு அரிக்கும்.

“ம், வெட்டு வெட்டு!”

கொக்கி ரம்பத்தை அணைத்தாள். காதடைப்பானைத் தூக்கிவிட்டு, தலையைத் தாழ்த்தி, ஹெல்மெட்டை நேராக அவர் முகத்துக்குத் திருப்பினாள். அதற்குள் அதிகாரியின் மடியிலிருந்து அவருடைய குரலே கிளம்பியது: “ம், வெட்டு வெட்டு!” முதலாளி யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

“கயிறு உங்க கையிலயா இருக்கு, முதலாளி?”

அதிகாரி கயிற்றுக்காரரைப் பார்த்தார். “நீங்க சொன்னீங்களா?”

“இல்ல சார். நான் இன்னும் சுத்தியே முடிக்கல.”

“அன்னைக்கும் இதேதான் சார்!” கொக்கியின் குரல் வாகன நிறுத்தம் முழுக்கக் கேட்டது. “எங்க அத்தான் சுத்தி முடிக்கல. இவர் சொன்னாரு, நான் வெட்டினேன். என் தப்பும் இருக்கு, குனிஞ்சு பார்த்திருக்கணும். அதை எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன். ஆனா அவரோடதையும் சேர்த்து எழுதுங்க. அந்த ஏழு வரிக்கு என் கை வராது.”

“இறங்குடி கீழ!” முதலாளி டேப்லெட்டுக்குக் கையை நீட்டினார். அதிகாரி அதை எடுத்துத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“இனிமே உனக்கு இங்க வேலை இல்ல. இறங்குன்னு சொல்றேன்ல?” என்று கத்தினார் முதலாளி.

“இறங்குறேன். சார் எழுதி முடிக்கட்டும்.”

கழுத்து நரம்பு இழுத்தது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் தலை அசையும், தலை அசைந்தால் படத்திலிருந்து அந்த முகம் நழுவிப்போகும். பேனா ஓடிக்கொண்டிருந்தது, பைக்குள் பதிவும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி வலது பக்கம் நகர்ந்தார். கொக்கி தலையை வலது பக்கம் திருப்பினாள். இடது பக்கம் போனார், அங்கேயும் திருப்பினாள்.