புகை கை நீட்டிய வருஷங்கள்

சேலையூரில் புகை முதன்முதலில் கை நீட்டியது 1986 போகியன்று. லாரி முதலாளி எத்திராஜ் வாசலில் பழைய டயரைக் கொளுத்தினார். புகை மேலே போகாமல் ஆள் உயரத்துக்கு நின்றது, அவரை ஏற இறங்கப் பார்த்தது, தாடையில் ஒன்று விட்டது. கடைவாய்ப் பல் சாக்கடையில் விழுந்தது. போகி மேளம் அடித்த பிள்ளைகள் கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி அடித்தார்கள்.

அதன்பின் எந்தப் புகையும் தன்னைக் கிளப்பியவரை அடிக்காமல் கலைவதில்லை என்றாயிற்று. மொபெட் புகை முழங்காலில் உதைத்தது, ஸ்கூட்டர் புகை முதுகில் குத்தியது, ஜெனரேட்டர் புகை கழுத்தை நெரித்தது. எத்திராஜின் லாரிகள் ஏரியில் மண் கொட்டின. மண்மேல் மனை, மனைமேல் வீடு, வீட்டுக்கொரு வண்டி. ஏரி சுருங்கச் சுருங்க அடி கனத்தது. வீங்கிய முகம் வசதிக்கு அடையாளம். வாடகை சைக்கிளும் பீடிக்கட்டும் மட்டுமே வைத்திருந்த இந்தக் கதைக்காரனுக்குக் காது திருகலோடு சரி; அதனாலேயே அவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை.

புகைக்குத் தெரிவது கிளப்பும் கை மட்டும்தான் என்று எத்திராஜ் கண்டுபிடித்தார். வேறு ஊராக இருந்தால் டயர் கொளுத்துவதை நிறுத்தியிருப்பார்கள். சேலையூர்க்காரர்கள் ஆள் வைத்தார்கள். மனைகளுக்குக் காவல் இருந்த மாரி, காலையில் வீடு வீடாகப் போய் வண்டிகளைக் கிளப்பிக் கொடுத்தான்.

"சீக்கிரம் உதைப்பா, ஆபீசுக்கு லேட்டாவுது" என்பார் பாங்க் கிளார்க் சத்தியநாதன்.

"இரு சார், போன வண்டி அடியே இன்னும் முடியல."

எட்டு வருஷத்தில் மாரியின் விலா எலும்புகள் இடம் மாறிவிட்டன. இருமினால் ரத்தம். கோவளத்தில் மீன் எடுத்து கேம்ப் ரோட்டில் விற்கும் அவன் மனைவி கன்னியம்மா சொன்னாள்: "இன்னொரு போகி அடி வாங்கினா நீ பொணம்யா."

1995 போகிக்குத் தெருவே சேர்ந்து ஒரே குவியலாகப் போட்டது. அடியில் எத்திராஜின் லாரி டயர்கள், மேலே மற்றவர்களின் மெத்தை, பாய். மாரி தீக்குச்சியை எடுத்தபோது கன்னியம்மா கூடையை இறக்கிவிட்டு, எத்திராஜின் கையைப் பிடித்து மாரியின் கையோடு சேர்த்து அழுத்தினாள்.

"டயரு உன்னுது மொதலாளி, கை மட்டும் எம் புருசனுதா?"

"உடும்மா, பேஜார் பண்ணாத!"

"வஞ்சிரம் வெட்ற கை. இழுத்துக்கோ, பாப்போம்."

குச்சி உரசிற்று. பனைமர உயரத்துக்கு எழுந்த புகை குனிந்து இரண்டு கைகளையும் பார்த்தது. கூலிக்கு மாரியை ஒரு தட்டு தட்டியது. பிறகு எத்திராஜைத் தூக்கி, அவருடைய லாரி பானெட்டிலேயே, இரண்டு தோளும் கழலும்வரை அறைந்தது. பொருளுக்கு உடையவன் வேறு என்று அன்றுதான் கற்றுக்கொண்டதுபோல, அப்படியே தெருவில் நடந்து, மெத்தைக்காரரை மெத்தைக்கும் பாய்க்காரரைப் பாய்க்கும் அளந்து அடித்தது. சத்தியநாதனுக்கு மூக்கு போயிற்று.

அதற்காக யாரும் வண்டி வாங்காமல் இல்லை. கடையில் மைலேஜ் கேட்டபின் அடி எப்படி என்றும் விசாரிக்கிறார்கள். ஏரி முழுக்க வீடாகிவிட்டது. மாரி இப்போது பற்றவைப்பது தன் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வை மட்டும். கன்னியம்மா கஞ்சி ஏற்றும்போது அதன் புகை வந்து அவன் கன்னத்தைக் கிள்ளும். அவன் மறு கன்னத்தையும் காட்டுவான். அதையும் கிள்ளிவிட்டு, கூரை வழியாகப் போய்விடும்.