விருந்தாளிக்கு அடித்த வெள்ளை

மறுவாழ்வுச் சங்கத்து அம்மாள் வீட்டைப் பார்க்க வருகிறாள் என்றதும் மேனேஜருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஊரில் ஒரு பண்டகசாலைக்கு மேனேஜராக இருந்தவர். சண்டையில் வீடு போயிற்று, வாசல் போயிற்று; பதவியை மட்டும் எப்படியோ பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டார். தஞ்சம் புகுந்த இந்த வேற்று நாட்டில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி மடிக்கிறார். கூட வந்த சனம் இன்னமும் மேனேஜர் என்றுதான் கூப்பிடும். அவரும் கூச்சமே இல்லாமல் திரும்பிப் பார்ப்பார்.

குடியிருப்பு, தரைக்குக் கீழே இரண்டு அறை. உள்ளறைச் சுவரில் ஈரம் ஊறிக் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதை ஒட்டித்தான் மகளின் கட்டில். பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. சங்கத்தின் கையில் வெயில் படுகிற மாடி வீடு ஒன்று காலியாக இருந்தது. யார் நிலைமை ரொம்ப மோசமோ அவர்களுக்கு அது. அம்மாள் வருவதே அதைத் தீர்மானிக்கத்தான். சுவரைக் காட்டினால் போதும், வாயே திறக்க வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு மனைவி சலவைக்கூடத்து வேலைக்குப் போனாள்.

திரும்பி வந்தால் சுவர் பளிச்சென்று இருந்தது. மனுஷன் லீவு போட்டு வெள்ளையடித்திருந்தார். பக்கத்து வீட்டு நாற்காலி இரண்டு, பூ ஜாடி ஒன்று, எல்லாம் இரவல். பிள்ளையின் மருந்துகள் கட்டிலுக்கு அடியில் பதுங்கியிருந்தன. அவர் கோட்டு மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"வீடு தேடி வர்றவங்க நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் கதவைத் தட்டிவிட்டார்கள்.

அம்மாள் உள்ளே வந்தாள், பார்த்தாள், பூரித்தாள். துன்பப்பட்டவர்களைத் தேடி வந்தவளுக்குத் துன்பம் தென்படாததில் அத்தனை நிம்மதி. பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. அம்மாளுக்கு அது உழைப்பின் வாசனையாம். மனைவிக்கு இந்த ஊர்ப் பேச்சு இன்னும் பிடிபடவில்லை, மேனேஜர்தான் மொழிபெயர்ப்பு. அவள் கட்டிலைக் காட்டிச் சொன்னாள்.

"பிள்ளைக்கு மூச்சு விட முடியலைன்னு சொல்லுங்க. இந்தச் சுவர் முழுக்கப் பூஞ்சைன்னு சொல்லுங்க."

மேனேஜர் இளித்துக்கொண்டே நீளமாக என்னவோ சொன்னார். அம்மாள் குடித்து வைத்த டீக் கோப்பையைக் கையால் மூடி, இன்னொரு டீ வேண்டாம், போதும் என்று தலையாட்டினாள். மனைவிக்குப் புரிந்துவிட்டது. இந்த ஆளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கு அவளுக்கு அவள் மேலேயே வெறுப்பு வந்தது.

மாடி வீடு வேறு யாருக்கோ போயிற்று. மேனேஜர் வீட்டுக்குக் கிடைத்தது பாராட்டு. புதிதாக வந்து இறங்குகிறவர்களை அழைத்துவந்து, வாழ்ந்தால் இப்படி வாழ வேண்டும் என்று காட்டப்போகிறாளாம் அம்மாள். அவர் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாற்காலிகள் திரும்பிப் போயின. மழை பிடித்ததும் வெள்ளையைத் துளைத்துக்கொண்டு கறுப்பு எட்டிப் பார்த்தது.

அன்றைக்கே அவள் மகளின் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டுத் தானும் அங்கேயே படுத்துக்கொண்டாள். மேனேஜரின் பாயை உள்ளறையில் அந்தச் சுவரோரம் விரித்தாள்.

கொஞ்ச நாளில் அவருக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் விடாமல் இருமியபடி, தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார். அவள் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"மெதுவா இருமுங்க," என்றாள். "யார் காதுலயாவது விழுந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"