மஞ்சள் பட்டை

குடிநீர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் நாற்காலி காலியாக இருந்தது. பணிமூப்பில் முதல் ஆள் தலைமை எழுத்தர். அடுத்தது அவள். அவர் உட்கார்ந்துவிட்டால், தான் ஓய்வு பெறும்வரை அது தனக்குக் கிடைக்காது என்பது அவளுக்கு அத்துப்படி.

கணினிப் பயிற்சியின் கடைசி நாள். விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை நிரப்பிப் பழகச் சொன்னார் பயிற்சியாளர். பயிற்சிப் பக்கத்தின் மேலே மஞ்சள் பட்டை இருக்கும், அதில் என்ன கூத்தடித்தாலும் ஒன்றும் ஆகாது, பட்டை இல்லாவிட்டால் அது நிஜம் என்றார். தலைமை எழுத்தர் அப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மனிதர் பாவம். மவுஸைத் தொட்டாலே அம்புக்குறி திரையின் ஓரத்துக்கு ஓடிவிடும். பின்வரிசை இளவட்டங்கள் அவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். நல்லவள் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் அதை நம்பினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் யார் தயவும் இல்லாமல் தானே கணினியில் விண்ணப்பப் பக்கத்துக்குள் நுழைந்திருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி, தினமும் வருகை பதிகிற வழி. அது போய்ச் சேருவது நிஜப் பக்கத்தில். திரையின் மேலே பட்டை இல்லை. அவள் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள். காலி நாற்காலி கண்ணில் நின்றது.

"எல்லாம் சரியாம்மா? எதையாவது தப்பா அமுக்கி மானம் போயிடப்போகுது."

"கச்சிதமா இருக்குண்ணே. அமுக்குங்க."

"நிச்சயமாவான்னு கேக்குதே?"

"எல்லாரையும் அப்படித்தான் கேக்கும். ஆமான்னு போடுங்க."

போட்டார். குழந்தைபோல் கைதட்டினார். மாலைக்குள் திரும்பப் பெறலாம், தவறினால் இன்றோடு பணி முடியும் என்று திரையின் அடியில் சின்ன எழுத்தில் வந்தது. அவள் எட்டி அந்தப் பக்கத்தை மூடினாள்.

மறுநாள் காலை, வாசல் கதவு அவர் அட்டைக்குத் திறக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவளைக் கூப்பிட்டார்.

"பழகத்தானேம்மா செஞ்சேன்? நீ பக்கத்துலதானே இருந்தே? பெரிய ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா. பொண்ணு படிப்பு இன்னும் முடியல."

"நீங்க மனசார எழுதுறீங்கன்னுல்ல நெனச்சேன்."

அவர் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உன்னைச் சொல்லி என்னம்மா? நீ பொறுமையாத்தான் சொல்லிக்கொடுத்தே. என் மரமண்டைக்குத்தான் ஏறல."

அடுத்த வாரம் கண்காணிப்பாளர் நாற்காலி அவளுக்குச் சற்று உயரமாக இருந்தது. ஆளைக் கூப்பிட்டு இறக்கிவைக்கச் சொன்னாள்.