மண் தடத்தின் கடைசிப் பக்கம்

கார்ப் பந்தயம் பார்க்க வரும் அந்த நோர்வேக் கிழவர் ஆர்னேயை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. மூன்று ஞாயிறாக என் பழைய மஸ்டா காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பானட்டைத் திறக்கச் சொன்னார், படம் எடுத்தார், ஸ்ரனிஸ்லாஸ் என்ற என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொண்டார். சும்மா ஒருவர் இவ்வளவு செய்வாரா?

ஒஸ்லோ ஓரத்தில் இருக்கும் எங்கள் முட்டை வடிவ மண் தடத்தில் ஒரு சட்டம் உண்டு. ஓட்டம் முடிந்ததும் ஓடிய எந்தக் காரையும் யாரும் விலைக்குக் கேட்கலாம். விலை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சீட்டெழுதிப் பெட்டிக்குள் போட்டால் போதும். தர மாட்டேன் என்றால் ஓட்ட அனுமதி போய்விடும். பணக்காரன் காசைக் கொட்டி வெல்லக் கூடாதாம். நான் ஒருதரமும் வென்றதில்லை, அதனால் என் காரை யாரும் கேட்டதுமில்லை. ஆனால் இரண்டு குளிர்காலம் அம்மருட்டில், எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், விரல் விறைக்க விறைக்க இயந்திரத்தைத் திருத்தியபின், இந்த வருடம் அது பறந்தது.

"அந்தாள் பாவம். உங்களுக்கு ஆரைக் கண்டாலும் கள்ளன்தான்," என்றாள் என் மனைவி றோஸ்.

"உமக்கு விளங்காது. அவர் காரிலை கண் வைச்சிட்டார்."

2006 செப்டம்பரில் அந்தத் தடத்தின் கடைசி ஓட்டம். தடம் இருந்த நிலம் விற்றாகிவிட்டது, அங்கே களஞ்சியம் வரப்போகிறது. நான்தான் முன்னே. கடைசிச் சுற்றில் வளைவைத் திரும்பும்போது பார்த்தேன்: சீட்டுப் பெட்டியருகே ஆர்னே, கையில் ஒரு தாள். வென்ற காரைத்தானே கேட்பார்கள்! வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தேன். மற்ற ஐந்து பேரும் தாண்டிப் போனார்கள். எனக்குள் ஒரே சிரிப்பு.

பெட்டியைத் திறந்தார்கள். என் காருக்கு ஒரு சீட்டும் இல்லை.

ஆர்னே வந்து தாளை நீட்டினார். தடத்தின் வரலாற்றை எழுதுகிறாராம். 1974இல் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் ஏழு கார்களோடு முதல் ஓட்டம், வென்றது அவருடைய தம்பி. அவர் கையில் இருந்தது கடைசிப் பக்கம். 'கடைசி வெற்றியாளர்' என்பதன் கீழே என் பெயர், ஓரெழுத்தும் பிழையில்லாமல்.

"நீதான் என்று நம்பி முன்கூட்டியே எழுதிவிட்டேன்," என்றார் நோர்வே மொழியில். "காருக்கு என்ன நடந்தது?"

"இயந்திரம்..." என்றேன். அவர் பேனாவை எடுத்து என் பெயரை வெட்டினார்.

ஓட்டம் பார்க்க வந்திருந்த றோஸும் நானும் வீடு திரும்பினோம். கார் நிறுத்துமிடத்தில் இறங்கி, கீறல்கூட விழாத மஸ்டாவைப் பார்த்தாள்.

"நீங்கள் வேணுமெண்டு வேகத்தைக் குறைச்சு விட்டுக்குடுத்ததைக் கண்டனான். காரைக் காப்பாத்திப் போட்டியள். இனி எங்கை ஓடப்போறியள்?"